வெள்ளத்தில் நின்ற காரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: 2025 ஜனவரி 11, சனி

கோவையில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் 2021 மாடல் சிறிய பெட்ரோல் கார் பார்த்திருக்கிறேன். சோழிங்கநல்லூர் பதிவு, டி.என். 14. ஓடியது 31,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர். 4,60,000 ரூபாய் சொல்கிறார்கள். இதே மாடலுக்கு மற்ற இடங்களில் ஐந்தரை லட்சத்துக்குக் கீழே யாரும் இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு இன்ஜின் புதிது போல இருக்கிறது என்றார். சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தில் நின்றதாக இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறாள். இன்ஜின் நன்றாக இருந்தால் அதற்கு மேல் என்ன பயம், அண்ணா? அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. திங்கட்கிழமை முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 11, இரவு 10.40

முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

மூழ்கிய காரில் முதலில் சரிசெய்யப்படுவது இன்ஜின்தான். அது இயங்கினால்தானே விற்க முடியும்? ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடி வடித்து, இப்படி இரண்டு மூன்று முறை கழுவினால் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். ஆகவே இன்ஜின் சத்தம் இனிமையாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது. உங்கள் மனைவி பயப்படுவது சரி. விவரமாக நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு காலை

இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2015 டிசம்பர் 1. அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். அன்றும் மறுநாள் காலையுமாகத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறிய தண்ணீர் இரவு எங்கள் தெருவுக்குள் வந்தது. மாடிக்கு எதை ஏற்றுவது என்று தடுமாறிய நேரத்தில், வாசலில் நின்ற காரை யாரும் நினைக்கவில்லை. 2012-இல் வாங்கிய வெள்ளி நிற வண்டி. காலையில் அதன் கூரை மட்டும் தெரிந்தது. டிசம்பர் 4 வரை அப்படியே நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தேன். சீட்டில் இருந்து மண்வாசனை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது சாக்கடையும் டீசலும் கலந்த ஒரு நெடி. கியர் லீவரைச் சுற்றிய தோல் பைக்குள் சேறு கெட்டித் தயிர் போல உறைந்திருந்தது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் சிலை பின் சீட்டில் கிடந்தது.

நான் சாவியைத் திருப்பவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தேன். எதிர் வீட்டுக்காரர் பதற்றத்தில் திருப்பிவிட்டார். சிலிண்டருக்குள் நின்ற தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அது வெள்ளத்தால் வந்த சேதம் ஆகாது, இயக்கியதால் வந்தது என்று சொல்லி அவருடைய காப்பீட்டு நிறுவனம் இன்ஜின் செலவை மறுத்தது. இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கையை அவர் எடுத்திருக்கவில்லை.

என் வண்டிக்குக் காப்பீட்டில் குறித்த மதிப்பு 3,40,000. பழுதுபார்க்கும் மதிப்பீடு 2,90,000. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கிட்டு, பணத்தை நமக்குக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஏலத்தில் 85,000 ரூபாய்க்கு யாரோ எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். உடைத்து இரும்புக்குப் போடுவார்கள் என்று நினைத்தேன். அந்த வண்டியைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. மனது கூடும்போது எழுதுகிறேன்.

ஜனவரி 12, மாலை

சரி, எங்கே பார்ப்பது?

பாலிஷ் போட்டவன் கை போகாத இடத்தில் பார்க்க வேண்டும். நான் எப்போதும் சீட் பெல்ட்டில் தொடங்குவேன். முன் சீட் பெல்ட்டை மெதுவாக, அது நிற்கும் வரை முழுவதும் இழுங்கள். அன்றாடம் நாம் இழுப்பது பாதி நீளம்தான். மீதி தூணுக்குள் சுருளில் உறங்கிக்கொண்டிருக்கும். கார் மூழ்கினால் அந்தச் சுருளும் ஊறும். அரிசி களைந்த தண்ணீரைப் பாத்திரத்தில் விட்டுவிட்டால் காய்ந்தபின் விளிம்பில் ஒரு கோடு நிற்குமே, அதே போல நாடாவின் குறுக்கே பழுப்புக் கோடு நிற்கும். இரண்டு விரலுக்கிடையே நாடாவை ஓட்டினால் அந்த இடம் மட்டும் கஞ்சி போட்ட வேட்டி போல மொரமொரப்பாக இருக்கும். நான்கு பெல்ட்டையும் பாருங்கள். முன்னிரண்டும் புதிதாக, பின்னிரண்டும் பழையதாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். 2021 வண்டியில் 2024 பெல்ட் எப்படி வந்தது?

அடுத்தது கார்பெட். கதவுப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கையால் தூக்கினால் கிளிப் விட்டு வரும். அதற்குக் கீழே கார்பெட்டின் ஓரத்தை மடக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். மேல்துணி இரண்டே நாளில் காய்ந்துவிடும். அடிப்பஞ்சு லேசில் காயாது, வண்டலையும் விடாது. விரலில் மாவு போல மண் ஒட்டினால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து வயரிங். எனக்கு உயிர் நடுங்கும் இடம் இதுதான். பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை இயக்கும் பெட்டி இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தரையோடு தரையாக இருக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனையும். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, செல்பேசி விளக்கை அடித்துக் கீழே பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. உடன் வரும் மெக்கானிக்கைக் கொண்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றியபின் சாதாரணக் கனெக்டர் ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சளை நீங்களாகத் தொட வேண்டாம். உள்ளே பித்தளை முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் அது களிம்பு. பூசை அறைச் செம்பை நாலு வாரம் துலக்காமல் விட்டால் வருவது. சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, உள்ளேயே ஊறியது என்று. வயரில் ஏறிய களிம்பும் ஏறக்குறைய அப்படித்தான். முனையைச் சுரண்டினால் போகும். ரப்பர் உறைக்குள் செம்பு இழை வழியே ஊர்ந்து போனதை யார் சுரண்டுவது? ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் ஜன்னல் இறங்காது, இன்னொரு நாள் ஸ்டியரிங் கனக்கும், ஒரு மழைநாளில் நடுச்சாலையில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வழியில் அது நடக்கக் கூடாது, தம்பி.

ஏர்பேக் விளக்கு: சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். விளக்கையே துண்டித்திருப்பார்கள்.

ஜனவரி 13, திங்கள்

டி.என். 14 என்றாலே சந்தேகப்பட வேண்டுமா என்று பெரும்பாக்கத்தில் இருக்கும் ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றாலும், படிப்பவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் எல்லாம் மூழ்கின என்பது உண்மை. அதே பகுதிகளில் மூன்றாம் மாடி வாகன நிறுத்தத்திலோ மேம்பாலத்தின் மேலோ நின்று ஒரு துளி படாத வண்டிகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, பட்டவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

அதே 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணிப் பக்கம் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி டி.என். 69, திருநெல்வேலி டி.என். 72. சென்னை வண்டி என்று ஒதுக்கிவிட்டு, தெற்கு வண்டி என்று நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பதிவெண் ஒரு கேள்வியை மட்டும் எழுப்புகிறது: அந்த வாரம் இந்த வண்டி எங்கே நின்றது? முதல் உரிமையாளரோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14, பொங்கல்

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். திருவான்மியூரில் தங்கை வீட்டில் இருக்கிறேன். சாப்பிட்டபின் மாப்பிள்ளையின் காரில் ஒத்திகை பார்த்தோம். 2017 வண்டி, அவரே புதிதாக வாங்கியது, வெள்ளத்தைக் கண்டதே இல்லை. ஆனால் சீட்டுக்குக் கீழே போல்ட்டுகளில் நல்ல துரு! நேற்று முன்தினமே எழுத நினைத்து விட்டுப்போன குறிப்பு, சீட் ரயிலில் துரு இருந்தால் வாங்காதீர்கள் என்பது. எழுதாதது நல்லதாயிற்று. கடலுக்கு அரைக் கிலோமீட்டரில் நிற்கும் வண்டி. உப்புக்காற்று போதும்.

துருவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். துருவோடு மண் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் வந்த துரு சீராகப் படர்ந்திருக்கும். தண்ணீரில் வந்தது ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் இருக்கும், மறை திருகிய பள்ளத்துக்குள் வண்டல் உட்கார்ந்திருக்கும்.

கார்பெட்டையும் தூக்கினோம். மருமகள் கையை விட்டு ஒரு இரண்டு ரூபாய் நாணயம், மூன்று மிட்டாய்த் தாள், பென்சில் சீவல், என்றோ கொட்டிய கடலைப்பருப்பு எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். எவ்வளவு நல்ல காட்சி! ஏழு வருடம் குடும்பம் ஏறி இறங்கிய வண்டிக்குக் கீழே அதுதான் இருக்க வேண்டும். நான்கு வருட வண்டியின் கார்பெட்டுக்குக் கீழே துடைத்துவைத்தது போலச் சுத்தமாக இருந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஜனவரி 16, வியாழன்

காகிதங்கள்.

அமெரிக்காவில் மூழ்கிய வண்டிக்கு உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழும் என்று ஹூஸ்டனில் இருக்கும் என் மைத்துனர் சொல்வார். 2017 ஹார்வி புயலை அனுபவித்தவர். அங்கும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் முத்திரையைத் தொலைப்பவர்கள் உண்டாம். நம் ஆர்.சி. புத்தகத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. எத்தனையாவது உரிமையாளர், கடன் இருக்கிறதா என்று பார்க்கலாம். மூழ்கியதா என்று பார்க்க முடியாது.

ஆனால் பழைய காப்பீட்டுப் பத்திரங்கள் பேசும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தரும் போனஸ் சலுகை முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். இழப்பீடு கோரினால் அடுத்த ஆண்டு பூஜ்யம். 2021 வண்டி, மூன்று பத்திரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2023-இல் 25 இருந்து 2024-இல் பூஜ்யமாக விழுந்திருந்தால், இடையில் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது. விபத்தாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியது நம் வேலை.

இன்னொன்று, நிறுவனச் சேவை நிலையத்தின் வரலாறு. உரிமையாளர் மனம் வைத்தால் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் எல்லாம் அச்சிட்டுத் தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போன வண்டி 2023 டிசம்பரோடு போவதை நிறுத்தியிருந்தால், அந்த வெற்றிடமே ஒரு தகவல்.

ஜனவரி 17, வெள்ளி

நேற்று எழுதியதில் திருத்தம். காப்பீட்டு முகவராக இருக்கும் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. போனஸ் சலுகை வண்டிக்குச் சேர்ந்தது அல்ல, ஆளுக்குச் சேர்ந்தது. வண்டி கைமாறினாலே புதியவருக்குப் பூஜ்யத்தில் தொடங்கும். ஆகவே கைமாறிய ஆண்டில் பூஜ்யம் இருந்தால் குற்றமில்லை. தலைகீழாகவும் ஏமாறலாம்: சலுகையைக் காக்கும் தனிச் சேர்க்கை எடுத்திருந்தால் இழப்பீடு வாங்கியும் சதவீதம் இறங்காமல் நிற்கும். எனவே பத்திரத்தின் சேர்க்கைப் பட்டியலையும் படியுங்கள். ஒரே உரிமையாளர் வண்டியில், அந்தச் சேர்க்கை இல்லாதபோது, எண் விழுந்திருந்தால் மட்டுமே அது வலுவான சாட்சி.

ஜனவரி 19, ஞாயிறு

என் பழைய வண்டியைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தேன். இன்று எழுதுகிறேன்.

2018 சித்திரை. திருவண்ணாமலை போய்விட்டுத் திரும்பும் வழியில், செஞ்சிக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். புளியமர நிழலில் ஒரு வெள்ளி நிற வண்டி. என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, நம்ம கார்." அவளுடைய சைக்கிள் கைப்பிடி பட்டு, பின்கதவின் வலப்பக்கத்தில் பிறை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பெயின்ட் அடித்திருந்தார்கள், பள்ளத்தை நிரப்பவில்லை. எண்ணும் அதே எண்.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் கண்ணாடிக் குவளையோடு அருகில் நின்றார். முன்சீட்டில் அவர் மனைவி, மடியில் நான்கு வயதுப் பையன், டேஷ்போர்டில் கால் நீட்டிக்கொண்டு. பேச்சுக் கொடுத்தேன். வேலூரில் ஒரு கடையில் 2,75,000 ரூபாய்க்கு வாங்கினாராம். "சென்னையில் ஒரு வாத்தியார் வைத்திருந்த வண்டி, அலுங்காமல் ஓட்டியிருக்கிறார்" என்றார். நான் வாத்தியார் இல்லை.

சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. பையனைப் பார்த்தபின் முடியவில்லை. இது என் வண்டி, மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது என்று சொன்னேன். சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். "எந்த விளக்கு?" என்று கேட்டார். திருப்பினார். ஆயில், பேட்டரி, பெல்ட் எல்லாம் எரிந்தன. அது எரியவில்லை. இரண்டு வருடமாக அது எரிந்ததே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் ஏன் சார் விற்றீர்கள்?" என்று கேட்டார்.

"நான் விற்கவில்லை, காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது."

"உரிமை மாற்றுப் படிவத்தில் கையெழுத்து உங்களுடையதுதானே?"

ஆமாம். 29, 30 ஆகிய இரண்டு படிவங்களிலும் வாங்குபவர் பெயர் எழுதாமல் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். கேட்டார்கள், போட்டேன். பணம் வந்துவிட்ட நிம்மதியில் அதற்குப் பிறகு வண்டி எங்கே போனது என்று ஒரு முறைகூட விசாரிக்கவில்லை. 85,000 ரூபாய்க்கு எடுத்தவர் அதே அளவு செலவு செய்தாலும் லட்ச ரூபாய் நிற்கிறதே, எதற்காக உடைப்பார்?

அவர் கோபப்படவில்லை. பையனைத் தூக்கிப் பின்சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்துவிட்டுப் போனார். கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 19, இரவு

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் படித்துவிட்டு அழைத்தார். வெற்றுக் கையெழுத்தில் எனக்கே ஆபத்து இருந்திருக்கிறது. விற்றுவிட்டாலும் பதிவேட்டில் பெயர் மாறாத வரை, விபத்து நடந்தால் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மிக்ஜாமில் வண்டியை இழந்து, முழு இழப்புப் பணம் வாங்கியவர்கள் இதைப் படித்தால், உங்கள் பதிவெண் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

ஜனவரி 20, திங்கள்

கேள்வி கேட்ட தம்பி கடைக்குப் போயிருக்கிறார். கார்பெட்டைத் தூக்கினால் கிளிப் உடையும், அனுமதிக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு கிளிப் என்ன விலை? பத்து கிளிப்புக்கும் சேர்த்து 500 ரூபாய் மேசையில் வையுங்கள். நாலரை லட்சம் கொடுக்கப்போகிறவர் தரையைப் பார்க்கக் கூடாதா? வீடு வாங்கும்போது பின்கட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு முன்னறையை மட்டும் காட்டினால் வாங்குவோமா?

இன்னொரு வழி. விற்பனை ரசீதில், கடையின் முத்திரையோடு, "இந்த வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை" என்று ஒரு வரி எழுதித் தரக் கேளுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர் தயங்காமல் எழுதுவார். பின்னால் பொய் என்று தெரிந்தால், அந்த வரியோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கடைக்கு இது பொருந்தும். தன் சொந்தக் காரை விற்கும் தனி மனிதர் வணிகர் அல்ல, அங்கே உரிமையியல் நீதிமன்றம்தான்.

ஜனவரி 22

மின்சாரக் கார் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரம் என்று விளம்பரத்தில் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். நம் ஊர் வெள்ளம் முப்பது நிமிடத்தில் வடிவதில்லை. மூழ்கிய மின்சாரக் காரை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

தம்பியிடமிருந்து நீண்ட கடிதம். கடைக்காரர் இல்லாத நேரத்தில் அங்கே வேலை செய்யும் பையனே பட்டையைத் தூக்கிக் காட்டினானாம். மேலே கார்பெட் புத்தம் புதிது. அடிப்பஞ்சை முழுவதுமாக எடுத்துவிட்டு, வீட்டில் விரிக்கும் ஃபோம் விரிப்பை வெட்டிப் போட்டிருந்தார்கள். தரைத் தகட்டில் கறுப்புப் பெயின்ட், அதன் கீழே மணல் மணலாகத் தடிப்பு. பின் பெல்ட்டை இழுத்ததில் கோடு இருந்தது. தரையிலிருந்து தன் முழங்கையளவு உயரம் என்று எழுதியிருக்கிறார். அவருடைய மனைவி கோட்டின் மேல் விரலை வைத்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணைந்தது. ஆனால் மெக்கானிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்டியபோது ஏர்பேக் பெட்டி பதிலே சொல்லவில்லை. விளக்கு மட்டும் எரிந்து அணையும்படி வேறு ஏதோ இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும். நான் 12-ஆம் தேதி எழுதியது போதாது. விளக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு பெட்டியும் பதில் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கவில்லை. தம்பியின் மனைவியின் பயத்துக்கு என் வணக்கம்.

பட்டையைத் தூக்கிக் காட்டிய அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

"கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்" என்று ஆரம்பத்தில் எழுதினேன். இப்போது கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

மடிப்பாக்கத்தில் தெரிந்த குடும்பம் ஒன்று வண்டியை விற்கிறது. ஓய்வுபெற்ற தபால் அலுவலர். வாசலில் உட்கார்ந்ததும் அவரே ஒரு கோப்பை எடுத்து வைத்தார். மிக்ஜாமில் உள்ளே தரைவரை தண்ணீர், பதினான்கு மணி நேரம். நின்ற நிலையில் எடுத்த படம். சீட்டையும் கார்பெட்டையும் கழற்றிப் பத்து நாள் மாடியில் காயவைத்த படம். ஏர்பேக் பெட்டி, முன் பெல்ட் இரண்டு, தரை வயரிங் புதிதாகப் போட்டதற்கு நிறுவன ரசீது. சந்தை விலையில் ஒன்றேகால் லட்சம் தானாகவே குறைத்துச் சொல்கிறார். "வாங்குபவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது என் முகம் ஞாபகம் வந்தால் நல்லவிதமாக வர வேண்டும்" என்றார்.

இந்த வண்டியை வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, நனைந்ததை மாற்றியிருக்கிறார், எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது. டேஷ்போர்டு வரை மூழ்கியதை மட்டும் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். அது வேறு.

தம்பிக்கு இதைத் தெரிவித்தேன். தூரம் அதிகம் என்றார். பொள்ளாச்சியில் ஒரு ஆசிரியையின் 2019 வண்டியைப் பார்த்திருக்கிறாராம். கார்பெட்டுக்குக் கீழே சாக்பீஸ் துண்டு இரண்டும் தேங்காய் நாரும் கிடந்ததாகச் சொன்னார். வாங்குங்கள் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பி பொள்ளாச்சி வண்டியை வாங்கிவிட்டார். நேற்று அம்மாவை அதில் அழைத்துப் போனாராம்.

எல்லோரையும் பார்க்கச் சொன்ன நான் என் பழைய எண்ணை இத்தனை வருடமாகப் பார்க்கவில்லை. செஞ்சிக்குப் பிறகு அந்த எண்ணைத் தட்டவே கை வரவில்லை. நேற்று இரவு போக்குவரத்துத் துறைச் செயலியில் போட்டுப் பார்த்தேன். வண்டி இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. பதிவு 2027 வரை செல்லும். காப்பீடு உயிரோடு இருக்கிறது. உரிமையாளர் வரிசை எண் 5. செஞ்சியில் பார்த்தவர் அதற்குப் பிறகு கைமாற்றியிருக்கிறார். வாங்கியவரிடம் அவர் சொன்னாரா, தெரியாது. பெயரின் எழுத்துகளுக்கு நடுவே நட்சத்திரக் குறிகள், யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளி நிறம், 2012 மாடல், டி.என். 22 பதிவு. பின்கதவின் வலப்பக்கம், எண் பலகைக்கு ஒரு சாண் மேலே, பிறை போல ஒரு பள்ளம். உங்களிடமோ உங்கள் தெருவிலோ அப்படி ஒரு வண்டி இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஏர்பேக் பெட்டியும் முன் பெல்ட் இரண்டும் மாற்ற ஆகும் செலவை நான் தருகிறேன். அதுவரை குழந்தைகளை முன்சீட்டில் உட்கார வைக்காதீர்கள்.